பரிசோதகர் இல்லாத இறைச்சி

காட்டு விலங்கின் இறைச்சி உடலுக்கு உரம் தரும் என்னும் நம்பிக்கை உலகின் பல பகுதிகளிலும் உண்டு. காட்டில் ஓடித் திரிந்து, கிழங்கும் கனியும் தின்று வளர்ந்த விலங்குக்கு நோய் எங்கிருந்து வரும் என்று கேட்பர். பட்டியில் அடைபட்டுக் கழிவுகளைத் தின்னும் வீட்டுப்பன்றியே அஞ்சத்தக்கது. காட்டுப்பன்றியோ தூயது என்பது மலேசியத் தோட்டப்புறத்து முதியோர் வாயிலாகவும் கேட்கக்கூடிய சொல்லே. ஒரு காலத்தில் இச்சொல்லுக்கு ஓரளவு பொருத்தம் இருந்திருக்கலாம். ஆயின், கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. அம்மாற்றத்தை அறிய வேண்டுமாயின், வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு புழுவின் வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்லுதல் வேண்டும்.

1835ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இலண்டன் மாநகரின் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் ஜேம்ஸ் பேஜட் என்னும் முதலாண்டு மாணவர், இறந்துபோன இத்தாலியர் ஒருவரின் உடலை அறுத்துப் பயின்றுகொண்டிருந்தார். அப்போது அவருக்கு அகவை 21. அவ்வுடலின் தசைகளில் மணலைத் தூவினாற்போல வெண்ணிறப் புள்ளிகள் நிறைந்திருந்தன. இத்தகைய புள்ளிகளை அவருக்கு முன்னரும் சிலர் கண்டதுண்டு. அறுவைக் கத்தியின் கூரை மழுங்கச் செய்யும் சுண்ணத் துணுக்குகள் என்று எண்ணி அவர்கள் ஒதுக்கிவிட்டனர். பேஜட் ஒதுக்கவில்லை. கைக்கண்ணாடியால் நோக்கினார், ஐயம் மிகுந்தது. மருத்துவமனையிலோ தக்க நுண்ணோக்கி இல்லை. எனவே பிரித்தானிய அருங்காட்சியகத்திற்குச் சென்று, அங்குப் பணியாற்றிய புகழ்பெற்ற தாவரவியலறிஞர் இராபர்ட் பிரௌனின் நுண்ணோக்கியில் அத்தசைத் துண்டை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு பை. ஒவ்வொரு பையினுள்ளும் சுருண்டு கிடந்தது ஒரு புழு.

அதே உடலின் தசைத் துண்டொன்று ரிச்சர்டு ஓவன் என்னும் உடற்கூற்றறிஞர் கைக்கும் சென்றது. அவர் அப்புழுவை விரிவாக ஆராய்ந்து, அதே திங்கள் 24ஆம் நாள் இலண்டன் விலங்கியல் கழகத்தில் அறிவித்து, டிரிக்கினா ஸ்பைராலிஸ் எனப் பெயரும் சூட்டினார். (பின்னர், 1895இல், அப்பெயர் டிரிக்கினெல்லா என மாற்றப்பட்டது, முன்னைய பெயர் ஏற்கெனவே ஓர் ஈயினத்துக்கு வழங்கிவந்தமையே காரணம்.) பெயரிட்ட பெருமை ஓவனுக்குச் சென்றது. கண்ட பெருமை மாணவருடையது என்பதை மருத்துவ வரலாறு பிற்காலத்தில்தான் தெளிவாக ஒப்புக்கொண்டது. வகுப்பறையில் கடைசி வரிசையிலிருந்து எழும் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் பழக்கமுள்ள ஆசிரியர் எவரும் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கலாம்.

எனினும், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் இப்புழு ஓர் அறிவியல் விந்தையாகவே கருதப்பட்டது. இறந்தவர் உடலில் அது காணப்பட்டதேயன்றி, அதனால் எவரும் இறந்ததாக யாரும் எண்ணவில்லை. 1846இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோசப் லெய்டி என்னும் அறிஞர், தம் உணவுத் தட்டில் இருந்த பன்றி இறைச்சியில் அதே புள்ளிகளைக் கண்டு வியந்தார். மனிதத் தசையிலும் பன்றித் தசையிலும் ஒரே புழு இருப்பது இவ்வாறு வெளிப்பட்டது. ஆயினும் இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் அப்போதும் கட்டப்படவில்லை.

பாலத்தைக் கட்டியவர் செருமனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் பிரீட்ரிக் ஆல்பர்ட் சென்கர். 1860ஆம் ஆண்டு சனவரியில் ஒரு பண்ணை வீட்டுப் பணிப்பெண் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். இருபது அகவை மதிக்கத்தக்கவள். கடுங்காய்ச்சல், உடல் முழுவதும் தாங்கவொண்ணாத தசைவலி. குடற்காய்ச்சல் என்று மருத்துவர்கள் கருதினர். சனவரி 27ஆம் நாள் அவள் இறந்தாள். அவளுடைய தசைகளைச் சென்கர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, எண்ணற்ற இளம்புழுக்கள் உயிரோடு நெளிந்தன. குடலிலோ அதே இனத்தின் முதிர்ந்த புழுக்கள் இருந்தன. சென்கர் அத்துடன் நிற்கவில்லை; அப்பெண் பணியாற்றிய பண்ணைக்கே சென்று வினவினார். கிறிஸ்துமஸ் விழாவையொட்டி அங்கு ஒரு பன்றி அறுக்கப்பட்டிருந்தது. அதன் பின்னர் வீட்டார் சிலர் நோயுற்றனர். பன்றியை அறுத்தவரும் படுக்கையில் கிடந்தார். எஞ்சியிருந்த தொடை இறைச்சியிலும் கொத்திறைச்சிக் குழலிலும் புழுக்கள் இருந்தன. ஓர் இளம்பெண்ணின் இறப்பிலிருந்து ஒரு நோயின் முழுக் கதையும் சில வாரங்களுக்குள் விளங்கிற்று.

அக்கதை இதுதான். புழுவுள்ள தசையை ஒருவர் உண்டால், இரைப்பையின் செரிமான நீர் அச்சிறு பையைக் கரைத்துப் புழுவை விடுவிக்கிறது. அது சிறுகுடலில் சில நாள்களுக்குள் முதிர்கிறது. பெண்புழு முட்டையிடாது, நூற்றுக்கணக்கான குட்டிப்புழுக்களை நேரடியாகவே ஈனுகிறது. அவை குருதியோட்டத்தில் கலந்து உடலெங்கும் பரவி, தசைநார்களைத் துளைத்துப் புகுந்து, அங்கே சுருண்டு குடிகொள்கின்றன. முதலில் வயிற்றோட்டம், பின்னர்க் காய்ச்சல், கண்ணிமையும் முகமும் வீங்குதல், தசைவலி. இதயத்தையோ மூளையையோ தாக்கினால் உயிருக்கே கேடு. புழுவின் நோக்கிலிருந்து பார்த்தால், மனிதன் அதற்கு ஒரு முட்டுச்சந்து. ஏனெனில் மனிதத் தசையை உண்பார் எவருமிலர். அதன் இயல்பான சுற்று, ஊனுண்ணும் விலங்கு மற்றொரு விலங்கின் உடலைத் தின்னுவதால் நடைபெறுவது. அதாவது, இப்புழுவின் தாயகம் பட்டியன்று, காடே ஆகும். எலியும் இறைச்சிக் கழிவும் வழியாகத்தான் அது பட்டிக்குள் நுழைந்தது.

சென்கரின் கண்டுபிடிப்பு வெளிவந்த பின்னரும் ஊர்கள் அழிந்தன. செருமானியர் பன்றி இறைச்சியைப் பச்சையாகக் கொத்தி, ரொட்டியின்மேல் பரப்பி உண்ணும் வழக்கமுடையோர். 1865ஆம் ஆண்டு ஹெடர்ஸ்லேபன் என்னும் சிற்றூரில் இவ்வழக்கம் பெருந்துயரில் முடிந்தது. ஏறத்தாழ 2,000 மக்கள் வாழ்ந்த அவ்வூரில் 337 பேர் நோயுற்றனர். 101 பேர் மாண்டனர். ஒரு போரிலோ வெள்ளத்திலோ அன்று, உணவு மேசையில் வைத்த ஓர் இறைச்சித் தட்டினால் நேர்ந்த இழப்பு இது. செய்தி நாடெங்கும் பரவிப் பன்றி இறைச்சி என்றாலே மக்கள் அஞ்சினர்.

இவ்வேளையில் முன்னின்று போராடியவர் உயிரணு நோயியலின் தந்தை எனப் போற்றப்படும் ருடால்ப் விர்ச்சோ. மருத்துவர்க்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் விளங்கும் வகையில் இப்புழுவைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அறுக்கப்படும் ஒவ்வொரு பன்றியின் தசையையும் நுண்ணோக்கியால் சோதித்த பின்னரே விற்பனைக்கு விடவேண்டும் என்பது அவர் கோரிக்கை. இறைச்சிக் கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தனர். தம் தொழிலில் அரசு தலையிடுவதா என்றனர். செலவை யார் ஏற்பது என்றனர். எந்நாட்டிலும் எக்காலத்திலும் கேட்கப்படும் வினாக்கள்தாம் இவை. முடிவில் 1877ஆம் ஆண்டு பிரசியாவில் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டில் செருமனி முழுமைக்கும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. பன்றியின் உதரவிதானத் தசையிலிருந்து சிறு துணுக்குகளை வெட்டி, இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நசுக்கி, நுண்ணோக்கியின் கீழ்ப் பொறுமையுடன் தேடும் ஆயிரக்கணக்கான பரிசோதகர்கள் நாடெங்கும் அமர்த்தப்பட்டனர். அமெரிக்கப் பன்றி இறைச்சியைச் செருமனி 1883இல் தடைசெய்ததும், தன் பங்குக்கு அமெரிக்காவும் சோதனை தொடங்கிய பின் 1891இல் அத்தடை நீங்கியதும் இவ்வரலாற்றின் ஒரு கிளைக்கதை. நோய் அச்சத்தோடு வணிகப் போட்டியும் அதில் கலந்திருந்தது.

சோதனையோடு வேறு மாற்றங்களும் சேர்ந்துகொண்டன. பன்றிக்குச் சமைக்காத எச்சிலைத் தீனியாக இடும் வழக்கம் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. பட்டிகளில் எலி புகாவண்ணம் தடுப்புகள் வந்தன. குளிர்பதனம் பெருகிற்று. பன்றி இறைச்சியை நன்கு வேகவைக்கவேண்டும் என்னும் அறிவு வீடுதோறும் சென்றது. விளைவு வியக்கத்தக்கது. அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 400 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 2008 முதல் 2012 வரையிலான காலத்திலோ அவ்வெண்ணிக்கை ஆண்டுக்கு 16 அளவுக்குக் குறைந்துவிட்டது. இங்கேதான் ஒரு நுட்பம் உள்ளது. அவ்வாறு எஞ்சிய சிறு தொகையிலும் பாதிக்கு மேற்பட்டோர் நோயுற்றது பன்றி இறைச்சியாலன்று, வேறு இறைச்சியால். அவற்றுள் பெரும்பாலானது வேட்டையாடிய கரடியின் இறைச்சி.

வீட்டுப்பன்றி தன் இயல்பால் தூயதாகிவிடவில்லை. சட்டமும் நுண்ணோக்கியும் அதைத் தூயதாக்கின. காட்டு விலங்கோ தொடக்கத்தில் இருந்த நிலையிலேயே இருக்கிறது. துப்பாக்கி வெடித்த இடத்திற்கும் அடுப்புக்கும் இடையே எந்தப் பரிசோதகரும் நிற்பதில்லை.

காட்டிறைச்சியின் கதையில் மிகவும் துயரமான ஓர் அத்தியாயம் வடதுருவத்தில் நிகழ்ந்தது. 1897ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள், ஆந்த்ரே, ஸ்டிரிண்ட்பெர்க், ஃபிரெங்கல் என்னும் சுவீடிய நாட்டவர் மூவர், 'கழுகு' எனப் பெயரிட்ட பலூனில் ஏறி, ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திலிருந்து வடமுனை நோக்கிப் புறப்பட்டனர். மூன்றாம் நாளே பலூன் உறைகடலின்மீது இறங்கிவிட்டது. பின்னர் ஏறத்தாழ மூன்று திங்கள் பனிப்பாறைகளின்மீது நடந்தும் மிதந்தும் அலைந்து, அக்டோபர்த் தொடக்கத்தில் வெண்தீவு என்னும் தனித்தீவை அடைந்தனர். அத்துடன் நாட்குறிப்பு நின்றுபோயிற்று. 33 ஆண்டுகள் கழித்து, 1930இல், நார்வே நாட்டுக் கப்பலொன்றில் சென்றோர் அவர்களுடைய உடல்களையும் நாட்குறிப்புகளையும், துலக்கப்படாத ஒளிப்படச் சுருள்களையும் கண்டெடுத்தனர்.

அவர்களுக்கு உணவுப் பஞ்சம் இருந்ததில்லை. துருவக் கரடிகளைச் சுட்டு வயிறார உண்டிருந்தனர். கரடிக் குருதியில் அடைசெய்த குறிப்புகூட ஆந்த்ரேயின் ஏட்டில் உண்டு. பச்சையாகவும் அரைவேக்காடாகவும் அவ்விறைச்சியை உண்டதும், அடிக்கடி வயிற்றோட்டமும் உடல்வலியும் வந்ததும் அதே ஏடு கூறுபவை. அவ்வாறாயின் மூவரும் இறந்தது எதனால்? டென்மார்க்கு மருத்துவர் எர்ன்ஸ்ட் டிரைடு, அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டிருந்த கரடி எச்சங்களை ஆராய்ந்து, அவற்றில் சுருள்புழுக்கள் இருப்பதைக் கண்டார். மூவரையும் கொன்றது அப்புழுவே என்று 1952இல் நூலொன்றில் எழுதினார். அம்முடிவை அறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. குளிர், களைப்பு, வேறு நச்சு எனப் பல விளக்கங்கள் இன்றும் கூறப்படுகின்றன. இறப்புக்குக் காரணம் எதுவாயினும், அவர்கள் உண்ட கரடியில் புழு இருந்தது என்பதில் ஐயமில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான், நார்வே நாட்டு ஆராய்ச்சிப் பயணி நான்சனும் அவருடைய தோழர் யோஹான்சனும் துருவத் தீவொன்றில் 1895 முதல் 1896 வரையிலான குளிர்காலம் முழுவதையும் கரடி இறைச்சியைக் கொண்டே கழித்தனர். அவர்கள் நலிவடையவில்லை, உடல் எடை கூடித் திரும்பினர். காலையில் வேகவைத்த கரடி, மாலையில் பொரித்த கரடி என்பது அவர்களுடைய அன்றாட முறை. விலங்கு ஒன்றே, அடுப்பு வேறு.

தீயும் தீர்க்கவியலாத ஒரு நஞ்சும் அதே கரடியில் உண்டு என்பதை இடையே சொல்லிச் செல்லுதல் வேண்டும். 1597ஆம் ஆண்டு, வில்லியம் பேரண்ட்ஸ் தலைமையில் சென்று நோவாயா செம்லியாவில் சிக்கிக்கொண்ட டச்சு மாலுமிகள் கரடியின் ஈரலைச் சமைத்து உண்டனர். மூவர் கடும் நோயுற்றனர். தலை முதல் கால்வரை தோல் உரிந்ததாக உடன்சென்ற கெரிட் டி வீர் எழுதிவைத்துள்ளார். காரணம் விளங்க மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அவ்வீரலில் செறிந்துள்ள அளவு மிஞ்சிய உயிர்ச்சத்து 'ஏ'யே நஞ்சாகிறது என்பதை 1943இல் அறிவியலார் நிறுவினர். துருவப் பழங்குடியினரோ எந்த நுண்ணோக்கியுமின்றி, நெடுங்காலமாகவே அவ்வீரலை விலக்கி வந்தவர்கள்.

குளிரைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையும் துருவப் பகுதியிலேயே உடைந்தது. பன்றியில் வாழும் புழுவினம் உறைகுளிரில் மடியும். ஆறு அங்குலத்துக்கு மேற்படாத கனமுள்ள பன்றி இறைச்சியைச் சுழியத்துக்குக் கீழ் 15 பாகை செல்சியசில் 20 நாள் வைத்தால் போதும் என்பது நெடுநாளைய விதி. ஆனால் கரடி, நரி முதலியவற்றில் வாழும் துருவ இனமொன்று உறைந்த தசையில் ஆண்டுக்கணக்காக உயிரோடிருக்கும் ஆற்றலுடையது. குளிர்பதனப் பெட்டியை நம்பி உண்டோர் ஏமாந்த நிகழ்ச்சிகள் பல. உப்பிடுதல், புகையூட்டுதல், வெயிலில் உலர்த்துதல் ஆகிய மூன்றும் அவ்வாறே நம்பத்தகாதவை. எவ்விடத்திலும் செல்லுபடியாவது ஒன்றே: இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசை எட்டும்வரை வேகவைத்தல்.

பனிநாட்டுக் கதைதானே என்று வெப்பநாட்டவர் விலகிவிட இயலாது. மலேசியாவுக்கு வடக்கே எல்லையை ஒட்டிய தாய்லாந்தில், இறைச்சியைப் பச்சையாகக் கொத்தி, வறுத்த அரிசிப் பொடியும் காரமும் கலந்து உண்ணும் 'லாப்' என்னும் உணவு பெரிதும் விரும்பப்படுவது. 1994, 1995 ஆண்டுகளில் அந்நாட்டின் தென்பகுதிச் சிற்றூரொன்றில் காட்டுப்பன்றி இறைச்சியைப் பச்சையாக உண்ட 59 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். ஆராய்ந்தபோது, அப்புழு 1972இல்தான் அறிவியலுக்கு அறிமுகமான வேறோர் இனம் என்பது புலனாயிற்று. அவ்வினம் தசையில் பை கட்டிக்கொள்வதில்லை. ஆதலின் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நசுக்கித் தேடும் பழைய செருமானிய முறையில் அது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். 2006ஆம் ஆண்டு உத்தாய் தானி மாநிலத்தில் மேலும் 28 பேர் காட்டுப்பன்றியால் நோயுற்றனர். அங்குக் காணப்பட்ட புழு மற்றுமோர் இனம்; 1999இல் பாப்புவா நியூகினியில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. ஆக, காடு தனக்குள் வைத்திருக்கும் புழுவினங்களின் பட்டியலே இன்னும் முடிந்தபாடில்லை.

மலேசியத் தோட்டங்களிலும் காட்டுப்பன்றி புதியதன்று. குறிஞ்சி நில வேட்டுவரின் பன்றி வேட்டையைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அவ்வேட்டை கடல் கடந்தும் தொடர்ந்தது. செம்பனைக் கன்றுகளைக் குடைந்து தின்னும் பன்றிகளைச் சுட்டு, லயத்து வீடுகளுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பது பலரும் அறிந்த வழக்கம். இவ்வழக்கத்தினால் ஹெடர்ஸ்லேபனைப் போன்ற பேரழிவு இங்கு நேராமைக்கு ஒரு காரணம் கூறலாம். தமிழர் சமையலில் பச்சை இறைச்சிக்கு இடமில்லை. மிளகும் மஞ்சளும் இட்டு, நெடுநேரம் விறகடுப்பில் வேகவைத்து, பின்னர்ப் பிரட்டி எடுப்பதே நம் பெண்டிரின் முறை. முரட்டு இறைச்சி மெத்தென்றாகட்டும் என்றுதான் அவர்கள் அவ்வளவு நேரம் வேகவைத்தனர். புழுவைப் பற்றி எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அறிந்து செய்ததன்று எனினும் காத்தது. உப்புக்கண்டம் போட்டு உலர்த்தியதை அடுப்பில் சற்றே வாட்டித் தின்பதும், கரியடுப்பின்மேல் கம்பியில் கோத்துச் சுட்டு உள்ளே சிவப்பாக இருக்கும்போதே உண்பதும் இக்காப்புக்குள் அடங்கா. கரியடுப்பு முறை இளைஞரிடையே பரவிவருவது கருதத்தக்கது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், சந்தைக்கு வரும் காட்டுப்பன்றி ஒவ்வொன்றும் சோதிக்கப்பட வேண்டும் என்பது இன்றைய விதி. தசைத் துணுக்குகளைச் செரிமான நீர்போன்ற கரைசலில் கரைத்து, அடியில் தங்கும் புழுவைத் தேடுகின்றனர். இம்முறையில் பை கட்டாத இனமும் தப்புவதில்லை. விர்ச்சோ கேட்டது இன்று இவ்வளவு தொலைவு வந்திருக்கிறது. வட அமெரிக்காவில் வேட்டையாடுவோர் தம் வீட்டுக்கென எடுத்துச் செல்லும் இறைச்சிக்கு அத்தகைய காவல் இல்லை.

2022ஆம் ஆண்டு, கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்து வடபகுதியில் ஒரு கருங்கரடி வேட்டையாடப்பட்டது. அதன் இறைச்சி வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் சுழியத்துக்குக் கீழ் 15 பாகையில் 45 நாள் வைக்கப்பட்டு, அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் கூடிய ஒரு குடும்பத்தாரின் விருந்தில் காய்கறிகளோடு சுட்டுப் பரிமாறப்பட்டது. கரடி இறைச்சி இயல்பிலேயே கருநிறமானது. ஆதலின் வெந்ததா வேகாததா என்பது பார்வைக்குத் தெரியவில்லை. உண்ணத் தொடங்கிய பின்னரே அரைவேக்காடு என்பதை உணர்ந்து, மீண்டும் அடுப்பிலிட்டு எடுத்து வந்தனர். நூறு நாளுக்கு மேல் உறைந்து கிடந்த எஞ்சிய இறைச்சியைப் பின்னர் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோதும் புழுக்கள் உயிரோடு நெளிந்தன. விருந்துண்ட குடும்பத்தாருள் அறுவர் நோயுற்றனர். மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவ்வறுவருள் இருவர் அன்று இறைச்சியில் ஒரு துண்டுகூட உண்டாரில்லை. அதனோடு சேர்த்துச் சமைத்த காய்கறிகளை மட்டுமே உண்டிருந்தனர்.